முகமூடியின் அளவு

கதிர்வீச்சு அறையின் வாசலில் உட்கார்ந்து, தம்பியின் கண் முன்னாலேயே டப்பாவைத் திறந்தேன்.

குழைய வேகவைத்து மிக்சியில் அடித்த சோறு. பார்த்தால் சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரி இருக்கும். ருசியும் ஏறக்குறைய அதுதான்.

முதல் கரண்டி தொண்டையில் இறங்கும்போது உயிர் போய் உயிர் வந்தது. புற்று இருப்பதும் அங்கேதான், கதிர் சுட்டுப் புண்ணாக்கியதும் அங்கேதான்.

"பட்டினி இருந்தா அந்த கேன்சர் செல்லு தன்னைத்தானே தின்னு செத்துடும்க்கா. எத்தனை வீடியோ காட்டினேன்?" என்றான் தம்பி.

காட்டினான். நானும் நம்பி வயிற்றைக் காயப்போட்டேன். பலன் போன வாரம் தெரிந்தது.

தலை அசையாமலிருக்க என் முகத்துக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் முகமூடி, மாட்டியதும் தொளதொளவென்று ஆடியது. குறி தப்பிவிடும் என்று கதிர் கொடுக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிது வார்க்கும்வரை எனக்குச் சிகிச்சை இல்லை. புற்றுக்குத்தான் கொண்டாட்டம்.

நான் தையல்காரி. துணி தளர்ந்தால் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிடுவேன். முகமூடியை அப்படிச் செய்ய முடியாது.

இன்று புது முகமூடி. மறுபடி மெலிந்தால் மறுபடி நிறுத்திவிடுவார்கள்.

தம்பியின் வீடியோ சங்கதியை டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கதிர் பட்ட புற்றுச் செல் தன்னைத் தின்பது உண்மைதானாம். சில சமயம் தின்றே சாகுமாம். சில சமயம் உடைந்துபோன பாகத்தை மட்டும் தின்று, தெம்பேற்றிக்கொண்டு எழுந்து நிற்குமாம். நான் பட்டினி கிடந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

நல்லது. அது தன்னைத் தின்னட்டும், தின்னாமல் தொலையட்டும். அதைக் கேட்டுக்கொண்டா நான் சாப்பிட வேண்டும்? இது என் தொண்டை.

அடுத்த கரண்டி. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கவில்லை. அதற்கு அடுத்தது.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவன் சட்டையைக் கவனித்தேன். நான் தைத்தது. தோள் தையல் கைப்பக்கம் சரிந்திருந்தது. பட்டனைப் போட்டும் கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழையும். அவனுக்கு நான் ஒருநாளும் அளவு தப்பியதில்லை.

டப்பாவைப் பார்க்காமல் எச்சிலை விழுங்கினான்.

நான் நிறுத்திவிட்ட பட்டினியை, எனக்குத் துணையாகத் தானும் தொடங்கிய அவன் இன்னும் நிறுத்தவில்லை.

உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். டாக்டரம்மா எனக்குச் சொன்ன அளவைத் தின்று முடித்திருந்தேன். மீதியைக் கரண்டியோடு அவன் மடியில் வைத்தேன். பேசினால் வலிக்கும். பேசினேன்.

"இந்தச் சட்டையை நான் பிடிச்சுத் தைக்க மாட்டேன். சாப்பிட்டு நிரப்பு."