தலை தெரியாத கண்ணாடி

“என் வீட்டை அப்படியே தூக்கிட்டுப் போயிட்டு எனக்கே நியாயம் சொல்றியா? உங்க அக்கா முகத்துக்காகப் பார்க்கிறேன். இல்லேன்னா இந்நேரம் பல்லைப் பேத்திருப்பேன்!”

“அக்காவை எதுக்கு இழுக்கிறீங்க மாமா? அது என் வீடு. திருடினது நீங்க!”

விசாரணை அறைக்குள் மாமாவும் மச்சானும் நுழைந்த லட்சணம் இது. அவர்கள் அடித்துக்கொண்ட அந்த வீடு எந்த மண்ணிலும் நிற்கவில்லை. ஒரு வீடியோ கேமுக்குள் இருந்தது.

அந்த கேமை விளையாடுகிறவர்களே வீடு, காடு, உடுப்பு என்று எதையாவது உருவாக்கி மற்றவர்களுக்கு விற்கலாம். அதற்கென்றே கம்பெனி உள்ளுக்குள் ஒரு கடைவீதி திறந்து வைத்திருந்தது. மாமா ஃப்ரிட்ஜ் ரிப்பேரை விட்டார், மச்சான் ஆல்பம் டிசைன் வேலையை விட்டான். ஒரே கம்ப்யூட்டரில் சேர்ந்து கடை போட்டவர்கள், ஆறே மாதத்தில் முட்டிக்கொண்டு தனித்தனியாகப் பிரிந்தார்கள். இரண்டு கடையிலும் ஓடியது என்னவோ ஒரே சரக்குதான், ஒரு பேய் வீடு.

காப்பியடித்தது யார் என்று நிரூபணமானால் அந்தக் கடைக்கு நிரந்தரப் பூட்டு. வேறு பெயரில்கூடத் திரும்பி வர முடியாது. இருவருக்கும் இனி வேறு பிழைப்பு கிடையாது. அதனால்தான் இத்தனை வெறி.

வழக்கமாக இந்த மாதிரிப் புகார்கள் மெயிலிலேயே முடிந்துவிடும். இந்த முறை நேரில் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார் கம்பெனியின் விசாரணை அதிகாரி. மேசைக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண்மணி, இவர்கள் சொன்ன வணக்கத்துக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை அசைத்தார்.

‘எழுந்து நின்னு ஒரு வணக்கம் சொன்னா கிரீடம் இறங்கிடுமோ?’ என்று மாமா மனசுக்குள் கறுவிக்கொண்டார். தன்னைப் பெரிய கலைஞன் என்று அவரே நம்பத் தொடங்கி ரொம்ப நாளாகியிருந்தது.

அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். கறுத்த சுவர்கள், தொங்கும் ஒட்டடை, நடைவழியின் கடைசியில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடிதான் விஷயமே. அதன் முன்னால் போய் நின்றால் கழுத்துக்குக் கீழே மட்டும்தான் தெரியும். தன் முண்டத்தைத் தானே பார்த்து அலறுவதற்காகத்தான் ஜனங்கள் அந்த வீட்டைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

“கண்ணாடியை ஏன் இவ்வளவு கீழே மாட்டினீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

மாமா முந்திக்கொண்டார். “மூணு நாள் சோறு தண்ணி இல்லாம யோசிச்சது மேடம். மனுஷனுக்கு எது பெரிய பயம்? தன் தலை காணாமப் போறதுதான். இந்த மூளை வேற யாருக்கு வரும்?”

“புளுகாதீங்க மாமா! அது என் கனவுல வந்தது மேடம். நம்பி அக்காகிட்ட சொன்னேன். அவ போய் இவர்கிட்ட உளறிட்டா.”

“உன் கனவுல தலையில்லாத ஆள் வராம வேற யார்டா வருவாங்க? அங்கதான் ஒண்ணுமே கிடையாதே!”

மச்சான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். மாமா சட்டைக் கையை மடித்தார். அதிகாரி அசையவே இல்லை. இரண்டு தாள்களை மேசை மேல் வைத்தார்.

“யாரோடதையும் பார்த்துச் செய்யலை, முழுக்க நானே செஞ்சதுன்னு ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பேனாவுக்கும் ஒரு சண்டை நடந்தது. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

தாள்களை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிய பிறகு அதிகாரி சொன்னார். “இந்தக் கடைவீதி வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் செஞ்சதைச் சும்மாதான் போட்டு வைப்பாங்க. அப்போ ஒருத்தி தான் இருக்கிற வீட்டை அங்குலம் அங்குலமா அளந்து, ஆசை ஆசையாக் கட்டி வச்சா. வெள்ளைச் சுவர், நல்ல வெளிச்சம். யாரோ அதுக்குக் கறுப்பு அடிச்சு, ஒட்டடை தொங்கவிட்டு, பேய் வீடுன்னு விக்கிறாங்க. அவளுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்?”

மச்சான் மாமாவைப் பார்த்தான். மாமா மச்சானைப் பார்த்தார். சேர்ந்து கடை போட்ட காலத்தில் அந்தப் பழைய வீட்டைத் தேடிப் பிடித்துத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கியபோது இருவரும் ஒரே நாற்காலியில்தான் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்படி ஒரு வீட்டை நாங்க பார்த்ததே இல்லையே மேடம்” என்றார் மாமா.

“மாமா சொல்றது சத்தியம் மேடம்” என்றான் மச்சான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

அந்தத் தெம்பில் மாமா இன்னும் ஒரு படி மேலே போனார். “சும்மா கேக்கறேன் மேடம். அவ குடியிருக்கிற வீடுங்கறீங்க. எந்தப் பொம்பளையாவது தன் தலையே தெரியாத உயரத்துல கண்ணாடியை மாட்டுவாளா? மாட்டினா அவளுக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கணும்!”

அதிகாரி மேசை விளிம்பில் கை வைத்துத் தன்னைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு அவருடைய சக்கர நாற்காலி இருவருக்கும் முன்னால் வந்து நின்றது.

“எனக்கு அதுல முகம் நல்லாவே தெரியும்.”