ஊதுங்கப்பா

"அப்படியே முழுங்கிடாதீங்க. நல்லா மென்னாத்தான் வாசனை வரும்."

மனைவி உரித்துக் கொடுத்த பச்சைப் பூண்டுப் பல்லை வாயில் போட்டு மென்ற மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். நாக்கு பற்றி எரிந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் காலையில் மருந்து ஏற்றிய இடத்தில் பிளாஸ்திரி. இந்தக் கோலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பூண்டு தின்ன வேண்டியிருக்கிறதே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். அடக்கிக்கொண்டார்.

"கல்யாணமான புதுசுல வாய் நாறுதுன்னு என்னை என்ன பாடு படுத்தினே! இப்ப நீயே ஊட்டி விடறே."

"பேசாம மெல்லுங்க. பொண்ணு வந்துடப் போறா." அவள் கதவருகே காவலுக்குப் போய் நின்றாள்.

சமையல் மேடைக்குக் கல் அறுத்து அறுத்து, அந்தத் தூசியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர் மேஸ்திரி. தூசி உள்ளே படிந்து நுரையீரல் புண்ணாகிவிட்டது. மாத்திரைகள் கைவிட்ட பிறகுதான் இந்தப் பரிசோதனைச் சிகிச்சையில் சேர்ந்தார். பிரசவமான தாய்மார்கள் மனமுவந்து கொடுத்த தொப்புள்கொடியிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, லேபில் வளர்த்து, ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். அவை நுரையீரலுக்குப் போய் அழற்சியைத் தணிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஆனால் பாதிப் பேருக்குத்தான் செல். மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். இரண்டு பைக்கும் ஒரே மஞ்சள் உறை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்சுக்கும் தெரியாது.

தெரியாது என்றால் மகள் விட்டுவிடுவாளா? போனில் எதையெதையோ படித்துவிட்டுப் போன வாரமே வந்து சொல்லிவிட்டாள்.

"நிஜமான செல்லா இருந்தா, ஏத்தின அன்னைக்கு மூச்சுல பூண்டு வாசனை வருமாம்ப்பா. கெட்டுப்போகாம இருக்க அதுல ஒண்ணு கலக்கறாங்களாம். அந்த வாசனை வந்தா நான் வேலைக்குக் கிளம்பறேன். வரலைன்னா உங்களை விட்டுட்டு எங்கேயும் போக மாட்டேன்."

கப்பல் கட்டும் தளத்தில் வேலை. அவள் படித்த படிப்புக்கு வாராது வந்த வேலை. இன்று சாயங்கால ரயிலை விட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பாவுக்காக ஏற்கெனவே ஒரு வேலையை உதறியவள் அவள். இதுவும் போனால் நான் பிழைத்து யாருக்கு என்ன லாபம் என்று மனைவியிடம் சொல்லி மேஸ்திரி அழுதிருக்கிறார்.

காலையில் பை முழுவதும் ஏறி முடிந்ததும் மனைவிதான் முதலில் மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"அப்ப எனக்கு உப்புத் தண்ணிதான்" என்றார் மேஸ்திரி. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போன மனைவி, பூண்டோடு திரும்பி வந்தாள்.

"வர்றா, வர்றா!"

மேஸ்திரி அவசரமாக விழுங்கினார். உள்ளே வந்த மகள் பிளாஸ்கை மேஜைமேல் வைத்துவிட்டு நேராகக் கட்டிலுக்கு வந்தாள்.

"ஊதுங்கப்பா."

"என்னடி இது? குடிச்சிட்டு வண்டி ஓட்டினவனைப் புடிச்ச மாதிரி ஊதச் சொல்றே?"

"ஊதுங்க."

ஊதினார். பாதி மூச்சுதான் வந்தது. அவர் முகத்தருகே குனிந்த மகள் அப்படியே நின்றாள். அவர் கண்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். மனைவி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மகளின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வருதுப்பா. நல்லாவே வருது."

"நான்தான் சொன்னேன்ல! நிஜ மருந்துதான். அப்புறம் என்ன, கிளம்பு."

"சரிப்பா. நீங்க ஜெயிச்சிட்டீங்க. போறேன்."

சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோல அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பினாள். அந்த நெஞ்சுக்குள் கரகரவென்று மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று மேஸ்திரி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பொய் சொல்லி அனுப்புகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. இவளை இனிமேல் பார்ப்போமோ மாட்டோமோ என்றும் அடித்துக்கொண்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போன மகள் திரும்பினாள்.

"அம்மா, பிளாஸ்க்ல பால் இருக்கு. அப்பாவுக்கு ஆத்திக் குடு. வாய் எரியும்."

"மருந்தோட வீரியம்மா!" என்று மேஸ்திரி பெருமையாகச் சொன்னார்.

ஜன்னல் வழியே அவள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். உப்புத் தண்ணீராகவே இருந்துவிட்டுப் போகட்டும், பெண் கரையேறிவிட்டாள்.

சற்று நேரத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா, ரூமெல்லாம் பூண்டு வாசனை?"

"அது... காலையில ஏத்தின மருந்து வாசனைம்மா" என்று மனைவி இழுத்தாள்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "செல்லை உறைய வச்சு எடுத்துட்டு வர்ற இடத்துலதான் அந்த மருந்தைக் கலப்பாங்க, வாசனையும் வரும். இங்க உறைய வைக்கிறதே இல்ல. லேப்ல இருந்து அன்னைக்கன்னைக்கே புதுசா வருது. செல் ஏத்தினாலும் வாசனை வராது, தண்ணி ஏத்தினாலும் வராது."

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார்.

கருவியை அவர் கையில் சுற்றிக்கொண்டே நர்ஸ் சொன்னாள்: "நேத்து உங்க பொண்ணு வந்து கேட்டப்பவே இதைத்தானே சொல்லி அனுப்பினேன்?"