ஒரு நாளும் தவறாத ஆராய்ச்சியாளர்

அந்தப் பொறியியல் கல்லூரியில் ஒன்பது ஆராய்ச்சி மையங்கள் இருப்பதாகப் பளபளப்பான கையேடு மார்தட்டியது. சோதனையிட வந்து எட்டைப் பார்த்து முடித்த ஆய்வுக் குழுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

“எட்டுலயும் தூசிதான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கு. ஒன்பதாவதும் இப்படின்னா, உங்க முதுகலைப் படிப்புக்கு அனுமதி கிடையாது.”

கல்லூரி முதல்வர் முன்னால் நடந்து வழிகாட்டினார். ஒன்பதாவது, நுண்கருவி மையம். திறப்பு விழாவுக்குப் பிறகு அவரே அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ஆய்வக உதவியாளர் கதவைத் திறந்தார். அறையில் பொட்டுத் தூசி இல்லை. ஏசி குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“இங்க யார் யார் வந்தாங்கன்னு ரெஜிஸ்டர் இருக்கா?” என்று கேட்டார் தலைவர்.

அப்படி ஒன்று உண்டென்பதே முதல்வருக்குத் தெரியாது. உதவியாளர்தான் தயங்கித் தயங்கி எடுத்து நீட்டினார்.

தலைவரின் புருவம் உயர்ந்தது. “தினமும் மதியம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரை! நாலு வருஷமா ஒரே கையெழுத்து! வெப்பநிலை இருபத்திரண்டு டிகிரி. விளைவு, திருப்தி. யாருங்க இவர்?”

“எங்க மூத்த ஆராய்ச்சியாளர் சார். விளம்பரமே பிடிக்காது” என்று முதல்வர் கூசாமல் அளந்தார்.

“உங்க படிப்பு பிழைச்சதே இவராலதான்.” தலைவர் அனுமதியில் கையெழுத்திட்டுக் காரேறினார்.

முதல்வர் மூச்சிரைக்க உதவியாளரிடம் ஓடிவந்தார். “யாருய்யா அந்த மகான்?”

உதவியாளர் தலையைச் சொறிந்தார். “நான்தான் சார். சாப்பிட்டதும் இங்க கொஞ்சம் கண்ணசருவேன். ரெஜிஸ்டர்ல எழுதலேன்னா ஆபீஸ்ல சாவி தர மாட்டாங்க. அதுல ‘விளைவு’ன்னு ஒரு கட்டம் வேற இருக்கு. பொய் எழுத மனசு வரல சார்.”