வெள்ளிக்கிழமைக் கடற்பசு

"மீன்தான்!" என்றான் லாரன்ஸ், கையிலிருந்த பாராங் கத்தியை ஆட்டிக்கொண்டே.

"கறி!" என்றார் ஹென்றி.

இருவருக்கும் நடுவில், ஜெலுத்தோங் கரைச் சேற்றில், ஆள் நீளத்துக்கும் அதிகமாக ஒரு கடற்பசு கிடந்தது. விடிகாலையில் தண்ணீர் வற்றியபோது மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு, தன்னைப் பற்றித்தான் வழக்கு நடக்கிறது என்பதே தெரியாமல் படுத்திருந்தது.

லாரன்ஸுக்குத் தலைபோகிற அவசரம். அன்று தங்கை லீனாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நிபோங் திபால் தோட்டத்திலிருந்து ரயிலேறி, பிறை ஸ்டேஷனில் இறங்கித் தீவுக்குப் படகு பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள்.

நாளோ வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க வீடுகளில் சுத்தபோசனம். ஆடு, கோழி எதுவும் ஆகாது, மீன் மட்டும்தான். காற்று பலமென்று ஒரு மீன்படகும் கடலுக்குப் போகாததால் பாசார் கடைகளில் அந்த மீனும் இல்லை. வெறும் கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சம்பந்தியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவனுக்கு, கடவுளாகப் பார்த்துக் கொண்டுவந்து போட்ட விருந்து இது.

அதற்குக் குறுக்கே இந்த ஹென்றியா வந்து நிற்கவேண்டும்?

ஹென்றி அந்தக் கரையோர வீட்டு வரிசைக்குப் போன மாதம்தான் குடிவந்தவர். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலை.

"அண்ணே, கடல்ல கிடக்குது, நீந்துது, வாலும் இருக்கு. மீன் இல்லாம பின்னே என்னலா?"

"எந்த மீனு தம்பி குட்டிக்குப் பால் கொடுக்குது?"

"இது கொடுத்ததை நீங்க பார்த்தீங்களா?"

ஹென்றி கடல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"பால் கொடுக்கிறதெல்லாம் கறிதான்! வெள்ளிக்கிழமை கறி தின்னா சாவான பாவம். தங்கச்சி நிச்சயமும் அதுவுமா, சம்பந்தி வீட்டையே நரகத்துக்கு அனுப்பப் போறியா?"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பங்கு வாங்கச் சட்டியோடு வந்திருந்த பக்கத்து வீட்டு ரோசம்மா, சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் லாரன்ஸு. சாமியார்கிட்ட யாரு போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்றது?"

"நாளைக்குச் சனிக்கிழமை. தாராளமா வெட்டிக்கலாம்" என்றார் ஹென்றி. "அதுவரைக்கும் கெட்டுப்போகாம இருக்கணும். எல்லாரும் தண்ணி ஊத்துங்க!"

லாரன்ஸ் பல்லைக் கடித்தான். நாளைக்கு யாருக்கு வேண்டும்? சம்பந்தி போனபிறகு ஆற அமர வெட்டித் தின்னப் பார்க்கிறார் மனுஷன்!

பெண்களும் பிள்ளைகளும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். லாரன்ஸ் வேண்டாவெறுப்பாக ஒரு கயிறு கொண்டுவந்தான்.

"கொடு, கயிறு என் தொழில்" என்று வாங்கி, கடற்பசுவின் வாலில் ஒரு சுற்று, கரையிலிருந்த கம்பத்தில் ஒரு சுற்று என்று ஹென்றியே கட்டினார்.

மத்தியானம் சம்பந்திகளும் வந்தார்கள், கடலும் ஏறி வந்தது.

தண்ணீர் வயிற்றுக்கு வந்ததும் கடற்பசு ஒரு முறை உடம்பை உலுக்கியது. வாலை அடித்தது. கட்டு அவிழ்ந்து கயிறு தனியே மிதக்க, அது பாட்டுக்கு ஆழத்தைப் பார்த்துப் போய்விட்டது.

"ஐயோ, போச்சே!" என்றான் லாரன்ஸ்.

"ஆத்தாடி, என்னா அழகு!" என்று ஒரு கூச்சல் அவனுக்குப் பின்னால். மாப்பிள்ளையின் தாய் அக்னஸ், பட்டுச்சேலையோடு முழங்கால் தண்ணீரில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். "பொழுது விடிஞ்சா ரப்பர் மரத்தையே பார்த்த கண்ணுய்யா இது! ஜென்மத்துக்கும் இதைப் பேசலாம்!"

அந்தக் கும்மாளத்தில் கருவாட்டுக் குழம்பைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். லீனா தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

லாரன்ஸுக்கு மனசு நிறைந்துவிட்டது. காலையில் கோபித்துக்கொண்டோமே என்று ஒரு செம்பில் பாயசத்தை எடுத்துக்கொண்டு ஹென்றியின் வீட்டுக்குப் போனான்.

உள்ளே ஹென்றி இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆட்டு நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

லாரன்ஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "அண்ணே! இன்னைக்கு வெள்ளிக்கிழமை! ஊருக்குத்தான் உபதேசமா?"

"உட்காரு தம்பி. நான் மெதடிஸ்ட். எங்க சபையில இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. ஹென்றின்னு பேரைக் கேட்டதும் உங்க கோயில் ஆளுன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்க."

"அப்ப காலையில எங்களுக்கு மட்டும் அவ்வளவு சட்டம் பேசினீங்களே?"

ஹென்றி எலும்பைக் கீழே வைத்தார்.

"நீங்க எல்லாரும் கரையைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க. அந்தப் பக்கம் தண்ணியில ஒரு குட்டி, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கிட்டே சுத்திச்சு. பால்குடி மறக்காத குட்டி."

லாரன்ஸுக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. எத்தனையோ கப்பலைக் கட்டி நிறுத்துகிற கை. ஒரு கடற்பசுவைக் கட்டத் தெரியாமலா போயிற்று? சிரிப்பு வந்துவிட்டது.

"குட்டி இருக்குன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?"

ஹென்றி பாயசச் செம்பை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"சொல்லியிருந்தா, நீ ரெண்டு கயிறு கொண்டு வந்திருப்பே."