செவலையின் எலும்பு

கசாப்புக் கடைக்குப் பின்னால் செவலை என்றொரு நாய் இருந்தது. கூடவே வெள்ளச்சி என்ற பெட்டை. ஒருநாள் நல்ல எலும்பு ஒன்று கிடைத்தது. பாதி கொடுக்க மனமில்லாமல் செவலை அதைக் கடித்து இறுக்கிய இறுக்கில், காதோரம் தாடைப் பூட்டு நழுவிவிட்டது.

அன்றிலிருந்து எலும்பைக் கடிக்கும்போதெல்லாம் காதுக்குள் டக் டக்கென்று சத்தம். யாரோ பின்னால் நடந்து வருகிற மாதிரியே இருந்தது.

“திருடத்தானே பம்மிப் பம்மி வர்றே?” என்று செவலை வெள்ளச்சியைப் பார்த்து உறுமியது.

“நான் படுத்த இடத்தை விட்டு எழுந்திரிக்கவே இல்லையே,” என்றது வெள்ளச்சி. “உன் தாடைதான் சத்தம் போடுது. எலும்பைக் கீழே வச்சிட்டுக் கேட்டுப் பாரு, ஒண்ணும் கேக்காது.”

“கீழே வைக்கணுமா? இதுக்குத்தானே இத்தனை நாளா காத்துக் கிடந்தே.”

செவலை பாய்ந்து கடித்ததில் வெள்ளச்சியின் காது கிழிந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட ரோட்டைத் தாண்டிப் போன வெள்ளச்சி, அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

செவலை நிம்மதியாகப் படுத்து எலும்பை மறுபடி கவ்வியது. சாறு வற்றி எத்தனையோ நாளாகிவிட்ட வெறும் எலும்பு. ஒரு கடி கடித்தது.

டக்.

“துரத்தி விட்டும் வர்றா பாரு, வெக்கங்கெட்டவ,” என்று முனகிக்கொண்டே இன்னும் இறுக்கிக் கடித்தது.