துணைக்கு வந்தவள்

“காலை ஆட்டாதடி, பெஞ்சே குதிக்குது” என்றாள் அக்கா.

தங்கை காலை நிறுத்தினாள். நிறுத்திய வேகத்தில் கை கிளம்பியது. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“பயமா இருக்குக்கா. அந்த மெஷினுக்குள்ள போய்ப் படுக்கணுமாமே!”

“படுக்கத்தானே சொல்றாங்க, பாறையா உடைக்கச் சொல்றாங்க?”

தங்கையின் பயம் சுத்த நடிப்பு. ஸ்கேன் அக்காவுக்குத்தான். சினைப்பைகளை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா சரியாகத் தூங்குவதில்லை என்று தங்கைக்குத் தெரியும். கேட்டால், “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்று வாயை அடைத்துவிடுவாள். இனி ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று வேறு சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் இந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவர் தங்கைக்குப் போன் செய்தார். பெண்களுக்கு ஹார்மோன் குறையும்போது ஓய்வில் இருக்கும் மூளை எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்களாம். “ஸ்கேன் உங்களுக்குன்னு சொல்லி அக்காவைத் துணைக்குக் கூட்டிட்டு வாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார். தங்கை மறுபேச்சுப் பேசவில்லை.

“இங்க ஏசி ஓடுதா இல்லையா? இப்படிப் புழுங்குது!” தங்கை கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “ஆபீஸ்ல என்னமோ தப்பாப் போச்சுன்னியே?”

“ஒருத்தருக்கு ஊர் மாத்தி ஃபிளைட் டிக்கெட் போட்டுட்டேன். மனுஷன் ஏர்போர்ட்ல நின்னு கத்தறார். எல்லாம் உன்னைப் பத்தின கவலைதான். ராத்திரி கண்ணை மூட முடியலை. பசங்க வாயைத் திறந்தாலே சுள்ளுனு கோபம் வருது.”

அக்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

ஸ்கேன் அறைக் கதவைத் திறந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். “யார் முதல்ல?”

“அக்கா போகட்டும் டாக்டர். அவ முதல்ல படுத்துக் காட்டினா எனக்கும் தைரியம் வரும்.”

பெரிய ரகளையை எதிர்பார்த்துத் தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அக்காவோ நல்ல பிள்ளையாக எழுந்து உள்ளே போனாள். கதவு மூடியது.

இவ்வளவு சுலபமா!

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் உட்கார முடியவில்லை. நடைபாதையின் அந்தக் கோடிக்குப் போனாள், இந்தக் கோடிக்கு வந்தாள். சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தாள். படித்தது மண்டையில் ஏறாமல் மறுபடி படித்தாள். அதற்குள் டாக்டரம்மா வெளியே வந்தார்.

“படுத்துட்டாளா டாக்டர்? அவளால சும்மா இருக்க முடியாதே!”

“சும்மா படுத்திருந்தாலும் மூளை சும்மா இருக்காதும்மா. ஒரு பகுதி இன்னொரு பகுதியோட பேசிக்கிட்டேதான் இருக்கும். ஹார்மோன் இறங்கினா அந்தப் பேச்சும் மாறுதான்னுதான் தேடறோம். இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது.”

“பாவம் அவ. அந்த ஆபரேஷனால எவ்வளவு கஷ்டம்!”

“ஆபரேஷன் பண்ணாதவங்களுக்கும் வயசானா ஹார்மோன் இறங்கும்” என்றார் டாக்டரம்மா மெதுவாக. “தூக்கம் போகும். மறதி வரும். பல பேர் அதை வேற ஏதோ கவலைன்னு நெனச்சுக்கறாங்க.”

“அப்படியா?” என்றாள் தங்கை, கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமல்.

கதவு திறந்தது. அக்கா உள்ளே போன உடையிலேயே நின்றாள். ஸ்கேனுக்குப் போடுகிற அங்கி மடிப்புக் கலையாமல் அவள் கையில் இருந்தது.

“வா, கம்மலைக் கழட்டு. கொண்டை ஊசியையும் எடுத்துடு.”

“அக்கா! உன் ஸ்கேன்?”

“அது போன மாசமே முடிஞ்சுது. டாக்டருக்கு உன் நம்பரைக் கொடுத்ததே நான்தான்.” அக்கா அங்கியைத் தங்கையின் தோளில் போட்டாள். “உனக்கு ஸ்கேன் எடுக்கணும், வான்னா வந்திருப்பியா? எனக்குன்னு சொன்னாத்தானேடி ஓடி வருவ!”