முறத்தில் போன மட்டை

“ஏங்க, இங்கன வந்து பாருங்க! உங்க மதினி செஞ்சிருக்க வேலைய!”

ராக்காயி போட்ட சத்தத்தில் இடுப்பிலிருந்த பிள்ளை வீறிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சோலைமலை ஓடி வந்தான்.

புஞ்சை ஓரத்துச் சப்பாத்திக்கள்ளிப் புதரில் யாரோ ஒரு கள்ளி மட்டையைக் கொண்டுவந்து செருகியிருந்தார்கள். மட்டை பூராவும் திருநீறு அப்பினாற்போல வெள்ளை. ராக்காயி குச்சியால் ஒரு குத்துக் குத்தினாள். ரத்தம் மாதிரி சிவப்பாக வழிந்தது.

“செய்வினைதான். சந்தேகமே இல்ல.”

“மதினிதான் வச்சாகன்னு நீ கண்டியா?”

“வரப்புல காலடி பதிஞ்சு கெடக்கே. ஆறு வெரலு வேற யாருக்கு இருக்கு?”

மூக்கம்மாள், சோலைமலையின் அண்ணன் மனைவி. அடுத்த புஞ்சைக்காரி. ஆடு வெள்ளாமையில் இறங்கிய சண்டையில் இரண்டு வருசமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

“பாதிப் புஞ்சையக் கள்ளி முழுங்கிருச்சு. வெட்ட வெட்ட மொளைக்குது. மிச்சத்துல வெதச்சுத்தான் பிள்ளைக்குக் கஞ்சி ஊத்துறோம். அதுவும் பொறுக்கலையா அவுகளுக்கு?”

வைத்தவளுக்கே திருப்பி விட்டால்தான் வினை தீரும். முறத்தை எடுத்து வந்தாள். குச்சியால் தள்ளும்போது மட்டை முறிந்து, பாதி முள்ளுக்குள் விழுந்துவிட்டது. அங்கே கைவிட முடியாது. கிடைத்த பாதியை முறத்தில் ஏந்திப்போய் மூக்கம்மாள் புஞ்சைக் கள்ளியில் கொட்டினாள். மூன்று தரம் துப்பினாள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

சித்திரையில் ராக்காயி புஞ்சைக் கள்ளியெல்லாம் வெள்ளை பூத்தது. அப்புறம் மஞ்சளித்து, அழுகி, மடமடவென்று சாய்ந்தது.

“வினை கள்ளியத்தான் பிடிச்சிருக்கு, விடு!” என்று சோலைமலை சிரித்தான். ராக்காயிக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை தும்மினால்கூட வேப்பிலையைத் தேடினாள்.

ஆவணியில் புதர் இருந்த இடம் வெறுந்தரை. சோலைமலை உழுதுகூடப் போட்டுவிட்டான். அன்றைக்குத்தான் மூக்கம்மாள் தூக்குவாளி நிறையப் பணியாரத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

“காரியாபட்டி விவசாய ஆபீசுல, கள்ளியக் கொல்லுற பூச்சின்னு ஒத்த மட்டை குடுத்தாக, ராக்காயி. வெள்ளையா ஒட்டிக்கிட்டுச் சாறை உறிஞ்சுமாம். நசுக்குனா ரத்தமாட்டம் இருக்கும். உன் புஞ்சையிலதான் கள்ளி சாஸ்தி. கையில குடுத்தா நீ வாங்க மாட்டேன்னு புதருல சொருகிட்டுப் போனேன்.”

ராக்காயி தூக்குவாளியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“நீ என்னடான்னா, அதுலயும் பாதிய எனக்குக் கொண்டாந்து போட்டிருக்க! களத்துலருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். சீர் கொண்டாற மாதிரியில்ல முறத்துல ஏந்திக்கிட்டு வந்த! என் புஞ்சையும் சுத்தமாயிருச்சு தாயி.”

சோலைமலை வாயைத் திறந்தான். “மதினி, அது வந்து...”

ராக்காயி அந்த வாயில் ஒரு பணியாரத்தைத் திணித்தாள்.

“பெருமை பேசாம, திரும்பிக்கூடப் பாக்காமப் போனியே!” என்று மூக்கம்மாள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். “போறப்ப மூணு தரம் துப்புனியே... என் புஞ்சைக்குக் கண்ணு பட்டுறக் கூடாதுன்னுதான?”